மனமும் கணினியும் எதன் மேல் நிற்கின்றன?

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தமிழிலும் சரளமாகப் பதில் சொல்லத் தொடங்கிய பிறகு ஒரு பழைய கேள்வி மறுபடி எழுந்திருக்கிறது: இந்த இயந்திரத்துக்கு மனம் இருக்கிறதா, அல்லது ஒருநாள் வந்துவிடுமா? கொழும்பில் இதைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "மனம் என்பதே மூளையில் ஓடும் ஒரு புரோகிராம்தானே, அது சிலிக்கனில் ஓடினால் என்ன?" என்பது ஒன்று. "கணினி வெறும் சடப்பொருள். மனம் பொருளே கிடையாது. பிறகு எப்படி இரண்டையும் ஒப்பிடுவது?" என்பது மற்றது.

இரண்டு பதில்களும் ஒரே இடத்தில் அவசரப்படுகின்றன. மனமும் கணினியும் பொருளைச் சார்ந்திருக்கின்றனவா, சார்ந்திருந்தால் எந்த அளவுக்கு என்பதைப் பார்க்காமலே இரண்டும் முடிவுக்குப் போய்விடுகின்றன. அந்தச் சார்பைத்தான் இங்கே படிப்படியாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

"சார்ந்திருக்கிறது" என்றால் என்ன?

ஒரு செயல் நடப்பதற்கு எந்தப் பொருள் தாங்கலாக இருக்கிறதோ, அதை அந்தச் செயலின் பௌதிக அடித்தளம் என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக்குக் காற்று, எழுத்துக்குத் தாளும் மையும். சார்ந்திருத்தல் என்பதற்கு மூன்று வெவ்வேறு அர்த்தங்கள் உண்டு. விவாதங்களில் இவை மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

1. ஏதோ ஒரு பொருள் கட்டாயம் வேண்டும். பொருளே இல்லாமல் அது நடக்காது.
2. குறிப்பிட்ட ஒரு பொருள்தான் வேண்டும். வேறொன்றை வைத்தால் நடக்காது, அல்லது அதே மாதிரி நடக்காது.
3. அந்தப் பொருளைத் தவிர வேறு எதுவுமே அதில் இல்லை.

முதலாவதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. இரண்டாவதில்தான் இன்றைய உண்மையான சண்டை நடக்கிறது. மூன்றாவது தத்துவத்தையும் சமயத்தையும் தொடும் கேள்வி. ஆய்வுகூடத்தில் மட்டும் வைத்து முடித்துவிட முடியாதது. முதலாவதை நிரூபித்துவிட்டு மூன்றாவதையும் நிரூபித்துவிட்டதாக ஒரு தரப்பு எண்ணுகிறது. மூன்றாவதை மறுப்பதற்காக முதலாவதையும் மறுக்கப் பார்க்கிறது எதிர்த்தரப்பு. இந்தக் குழப்பம் நீங்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கணினி: மேகத்துக்கும் தரை வேண்டும்

மென்பொருள் எடையில்லாதது, கண்ணுக்குத் தெரியாதது. அதனால் அது பொருளைத் தாண்டியது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. "கிளவுட்" என்ற பெயர் அந்த எண்ணத்தை இன்னும் வளர்த்துவிட்டது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அப்போது மின்சக்தி அமைச்சர் சொன்னார். ஒரு சிறு பிராணி ஓரிடத்தில் உண்டாக்கிய மின்கோளாறால் தீவெங்கும் கணினிகள் அணைந்தன. மின்கலம் உள்ளவை சிறிது நேரம் தாக்குப்பிடித்தன. நாம் கைபேசியில் உரையாடும் செயற்கை நுண்ணறிவு ஓடுவதோ வெளிநாட்டுத் தரவு மையங்களில். நம் கேள்வி கடலடிக் கேபிள் வழியாக அங்கே போய்த் திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட கேபிள்கள் கல்கிசை, மாத்தறை போன்ற கரைகளில் இந்தத் தீவைத் தொடுகின்றன.

இது வெளிப்படையான சார்பு. உள்ளே போனால் சார்பு இன்னும் ஆழமாகத் தெரியும்.

கணினியின் தற்காலிக நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒவ்வொரு 0 அல்லது 1, மிகச் சிறிய மின்தேக்கியில் உள்ள மின்னேற்றமாகவே இருக்கிறது. அந்த மின்னேற்றம் சும்மா இருக்கும்போதே கசிந்து போகும். அதனால் கணினி வழக்கமாக 64 மில்லி செக்கனுக்குள் ஒரு முறையாவது எல்லாக் கலங்களையும் வாசித்து மறுபடி நிரப்புகிறது. திரையில் அசையாமல் நிற்கும் ஒரு கடிதம்கூட உள்ளே ஓயாத பராமரிப்பால்தான் நிற்கிறது.

அடித்தளம் சில வேளை கணக்குக்குள்ளேயே புகுந்துவிடும். 2003இல் பெல்ஜியத்தின் ஸ்காபேக் பகுதியில் நடந்த மின்னணு வாக்கெடுப்பில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் அதிகமாகக் கணக்கிடப்பட்டன. 4096 என்பது 2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். அதாவது ஒரேயொரு பிட் 0இலிருந்து 1 ஆகப் புரண்டால் கூடும் அளவு. மென்பொருளில் பிழை எதுவும் அகப்படவில்லை. விண்ணிலிருந்து வரும் கதிர்த்துகள் ஒன்று அந்தப் பிட்டைப் புரட்டியிருக்கலாம் என்றே கருதப்பட்டது.

இதற்கு அடியில் இயற்பியல் விதி ஒன்றும் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ரொல்ஃப் லாண்டவர் 1961இல் காட்டியது இது: ஒரு பிட் தகவலை அழித்தால் ஒரு குறைந்தபட்ச அளவு வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். எவ்வளவு திறமையாக இயந்திரத்தைக் கட்டினாலும் அந்த எல்லையை ஏய்க்க முடியாது. அறை வெப்பநிலையில் அது சுமார் 3 × 10⁻²¹ யூல், நினைத்துப் பார்க்கவே முடியாத சிறு அளவு. ஆனால் சுழியம் கிடையாது. 2012இல் பிரான்சின் லியோனில் செய்த பரிசோதனை இதை அளந்தே காட்டியது. தகவல் என்பது எப்போதும் ஏதோ ஒரு பொருளின் நிலைதான் என்று லாண்டவர் பிற்காலத்தில் வலியுறுத்தினார்.

ஆக, கணினியைப் பொறுத்தவரை முதலாவது அர்த்தத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் எந்தப் பொருள் என்பதில் கணினிக்கு அக்கறை இல்லை

1936இல் கணிதவியலாளர் அலன் டூரிங் கணிப்பு என்றால் என்ன என்பதை வரையறுத்தபோது அவர் வர்ணித்த இயந்திரம் எதனால் செய்யப்பட்டது என்பதைச் சொல்லவேயில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டால் போதும்.

வரலாறும் அப்படியே நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் சார்ள்ஸ் பபேஜ் திட்டமிட்டது பித்தளைப் பற்சக்கரங்களால் ஆன இயந்திரம். 1945இல் முடிந்த எனியாக் என்ற கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக், பாதரசம் நிரம்பிய குழாய்களில் ஒலியலைகளை ஓடவிட்டு எண்களை நினைவில் வைத்தது. பிறகு திரான்சிஸ்டர்கள், பிறகு சிலிக்கன் சில்லுகள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பழைய மடிக்கணினியின் கோப்புகளைப் புதியதுக்கு மாற்றித் தருகிறார்களே, அது முடிவதற்கே இதுதான் காரணம். பொருள் மாறும், புரோகிராம் அப்படியே இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பொருளிலிருந்து இப்படி விடுதலை பெற்றிருப்பது கணினிக்கு இயல்பாக வந்ததில்லை, பொறியியலாளர்கள் பாடுபட்டு உருவாக்கியது. பழைய 5 வோல்ட் சில்லுகளில் உள்ளே வரும் மின்னழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0, 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 1 என்று விதி வைத்தார்கள். இடைப்பட்ட பகுதி எதற்கும் ஆகாது. 2.3 வோல்ட்டும் 4.7 வோல்ட்டும் கணினிக்கு ஒன்றுதான். அதாவது பொருளின் நுணுக்கங்களைப் பொறியியலாளர் வேண்டுமென்றே தூக்கி எறிகிறார். சூடு, இரைச்சல், உற்பத்தியில் வரும் சிறு வேறுபாடு எதுவும் கணக்கைத் தொடாதபடி மதில் கட்டுகிறார். பெல்ஜியத்தில் நடந்தது அந்த மதிலில் விழுந்த ஓட்டை.

அந்த மதிலைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? இதற்கு ஓர் அருமையான பரிசோதனை உண்டு. 1996 அளவில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் தொம்சன் ஒரு சில்லின் 100 சிறு அலகுகளை எடுத்துக்கொண்டார். அவற்றை எப்படி இணைப்பது என்பதை மனிதர் வடிவமைக்கவில்லை. தற்செயலான இணைப்புகளை உருவாக்கி, நன்றாக வேலை செய்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை மறுபடி கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்தார். இரண்டு ஒலி அதிர்வெண்களைப் பிரித்தறிவதே இலக்கு.

முடிவில் கிடைத்த சுற்று வேலை செய்தது. ஆனால் அதைத் திறந்து பார்த்தபோது, வெளியீட்டோடு இணைப்பே இல்லாத சில அலகுகளும் இருந்தன. தேவையில்லை என்று அவற்றை முடக்கினால் சுற்றின் திறன் கெட்டது. சில்லின் வேறொரு மூலைக்கு அதே சுற்றை மாற்றியபோதும் திறன் குறைந்தது. அந்தக் குறிப்பிட்ட சிலிக்கன் துண்டின் நுண்ணிய பௌதிகக் குணங்களை, எந்த வரைபடத்திலும் இல்லாதவற்றை, தெரிவுமுறை பயன்படுத்திக்கொண்டிருந்தது. மதில் கட்ட ஆளில்லாத இடத்தில் செயலும் பொருளும் பின்னிக்கொண்டன.

மூளையை உருவாக்கியதும் பரிணாமம் என்ற தெரிவுமுறைதான் என்று யோசித்தால் இந்தப் பரிசோதனையின் கனம் புரியும்.

மனம்: சான்றுகள் எங்கே கொண்டுபோகின்றன?

மனித மூளையின் எடை 1.3 முதல் 1.4 கிலோ வரை. உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும் உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. மொத்தம் ஏறத்தாழ 20 வாட். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. அந்தச் சக்தியில் பெரும்பங்கு கலச் சவ்வின் இருபுறமும் சோடியம், பொற்றாசியம் அயன்களைச் சரியான விகிதத்தில் வைத்திருக்கவும், கலங்களிடையே சமிக்ஞைகளைக் கடத்தவுமே போகிறது. மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொற்றாசியம் உள்ளே என்று பம்புகள் ஓயாமல் வேலை செய்கின்றன. கணினி நினைவகத்தைப் போலவே இங்கும் எதுவும் சும்மா நிற்பதில்லை.

மனம் இந்த உறுப்பைச் சார்ந்திருக்கிறது என்பதற்கான சான்றுகளை நான் இப்படி வரிசைப்படுத்துவேன். வலிமை குறைந்ததிலிருந்து கூடியதுக்குப் போகிறது வரிசை.

1. இரத்த ஓட்டம். மூளைக்கு இரத்தம் போவது முற்றாக நின்றால் சுமார் 10 செக்கனில் நினைவு தப்பும். சீனி அளவு மிகவும் குறைந்த நீரிழிவு நோயாளி தடுமாறிப் பேசுவதை வீட்டில் பார்த்தவர்கள் பலர். குருதியில் சோடியம் வெகுவாகக் குறைந்த முதியவர் தன் பிள்ளைகளையே அடையாளம் காணாமல் போவதும் உண்டு.

2. மயக்க மருந்து. 1846 ஒக்டோபரில் பொஸ்ரனில் ஈதர் கொடுத்து நடந்த பகிரங்க அறுவைச் சிகிச்சைக்குப் பின் உலகம் முழுவதும் தினமும் இது நடக்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும்தான். ஒரு மருந்து உள்ளே போகிறது, உணர்வு மறைகிறது. மருந்து வெளியேறியதும் உணர்வு திரும்புகிறது. செனன் என்ற வாயு சாதாரணமாக எதனுடனும் இரசாயனத் தாக்கம் புரியாதது. அதுகூடப் போதிய செறிவில் சுவாசித்தால் மயக்கம் தரும்.

3. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட இழப்பு. இதுதான் எனக்கு மிக வலுவானதாகத் தெரிகிறது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகம்பஸ் பகுதியில் பெரும்பங்கை அகற்றினார்கள். அவருடைய பேச்சும் அறிவும் குணமும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆனால் 2008இல் இறக்கும்வரை புதிதாக நடந்தவற்றை நினைவில் வைக்க அவரால் முடியவில்லை. அதே வேளை கைப்பழக்கம் சார்ந்த புதிய திறமைகளை அவர் கற்றுக்கொண்டார், கற்றதே நினைவில்லாமல். மனம் ஒரே துண்டாக மங்கவில்லை. பொருளின் ஒரு பகுதி போனதும் மனத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதி போனது.

இன்னொரு மருத்துவ உண்மை இதைவிட வியப்பானது. பெருநாடியில் செய்யும் சில சத்திரசிகிச்சைகளில் நோயாளியின் உடலை 18 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்து, இரத்த ஓட்டத்தையே அரை மணி நேரம் போல நிறுத்துகிறார்கள். மூளையின் மின்செயல் பதிவுக் கோடு தட்டையாகிவிடும். பிறகு உடலைச் சூடாக்கி எழுப்பினால், அதே ஆள், அதே நினைவுகளோடு எழுகிறார். நீண்டகால நினைவு ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தில் மட்டும் இல்லை, இணைப்புகளின் கட்டமைப்பில் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. உணர்வுக்குச் செயல் வேண்டும், நினைவுக்குக் கட்டமைப்பு போதும். கணினியை நிறுத்தினால் தற்காலிக நினைவகம் வெறுமையாகும், வன்தட்டில் உள்ளது தங்கும் என்பதோடு இது மேலோட்டமாகவேனும் ஒத்துப்போகிறது.

"மூளை வெறும் கருவி" என்ற மறுப்பு

சரி, இவ்வளவு சான்று இருந்தும் ஏன் பலர் ஏற்பதில்லை? அவர்களுடைய வாதம் லேசானது அல்ல. வானொலியை உடைத்தால் பாட்டு நிற்கும். அதற்காகப் பாடகர் வானொலிக்குள் இருந்தார் என்று ஆகாது. மூளையும் அப்படி ஒரு வாங்கியாக இருக்கலாமே என்று கேட்கிறார்கள்.

இந்த விவாதம் தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையில் வஞ்சி நகரில் ஒரு பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்பவன், வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் அவற்றில் தனியே இல்லாத மது மயக்கம் பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் பறையின் ஓசைபோல அழிகிறது என்கிறான். தனித்தனியே இல்லாத குணம் சேர்க்கையில் தோன்றும் என்ற இந்தக் கருத்தை இன்றைய அறிவியல் மாணவர் யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். மணிமேகலை அவனை ஏற்கவில்லை. கண்ணால் கண்டதே உண்மை என்கிறாயே, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறெப்படி அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். அவனுடைய முடிவைவிட, அறிவதற்கு அவன் வைத்த அளவுகோலைத்தான் அவள் உடைக்கிறாள்.

சைவ சித்தாந்தத்தின் நிலைப்பாடு, என் பார்வையில், பலர் நினைப்பதைவிட நுட்பமானது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற நான்கு அந்தக்கரணங்களும், அதாவது அகக் கருவிகளும், அங்கே மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றிய கூறுகள். தாமாக அறியாத சடம். அறிவது ஆன்மா. ஆன்மாவும் கட்டுண்ட நிலையில் இந்தக் கருவிகள் இல்லாமல் எதையும் அறியாது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இதை, ஆன்மா அரசன், கருவிகள் அமைச்சர் என்று விளக்கினார். அப்படியானால் மயக்க மருந்தால் உணர்வு மறைவதும், மூளைக் காயத்தால் நினைவு போவதும் சைவ சித்தாந்திக்கு அதிர்ச்சி தர வேண்டியதில்லை. நினைவு, கணக்கு, தீர்மானம் எல்லாம் கருவிகளின் வேலை. கருவி கெட்டால் வேலை கெடும். நவீன நரம்பியலோடு அவருக்கு முதலாவது அர்த்தத்தில் சண்டையே இல்லை. மூன்றாவதில்தான் பிரிவு.

வானொலி வாதத்துக்கு ஒரு தடை உண்டு. வானொலியின் ஒரு பாகம் கெட்டால் ஒலி கரகரக்கும், ஆனால் செய்தி வாசிப்பவர் தமிழ் வினைச்சொற்களை மட்டும் மறந்துவிட மாட்டார். மூளையில் இத்தகைய நுணுக்கமான இழப்புகள்தான் நடக்கின்றன. ஆகவே "வாங்கி" என்று சொல்பவர், நினைவும் மொழியும் குணமும் எல்லாமே வாங்கியின் பக்கம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும். பிறகு ஒலிபரப்பாளருக்கு மிஞ்சுவது தூய அறிவு மட்டுமே. சைவ சித்தாந்தம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நின்றது.

தூய அறிவு பொருளிலிருந்து எப்படி வருகிறது என்பதற்கு அறிவியலிடமும் இன்று விடையில்லை. 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டொஃப் கோக், 25 ஆண்டுகளுக்குள் மூளையில் உணர்வின் தடயத்தைத் தெளிவாகக் கண்டுபிடிப்போம் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் நியூ யோர்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப் போத்தல்களைக் கொடுத்தார்.

சதுரங்கமா, கேரமா?

இனி இரண்டாவது அர்த்தம். மனத்துக்குக் குறிப்பிட்ட பொருள் வேண்டுமா?

சதுரங்கத்தை மரக்காய்களால் ஆடலாம், போத்தல் மூடிகளால் ஆடலாம், பலகையே இல்லாமல் தொலைபேசியில் நகர்வுகளைச் சொல்லியும் ஆடலாம். ஆட்டம் ஒன்றுதான். கேரம் ஆட்டம் அப்படி ஆகாது. பலகையின் வழுக்கல், மாவு, அடிகாயின் எடை, விரலின் சுண்டல், இவைதான் ஆட்டமே. கேரத்தைத் தொலைபேசியில் ஆட முடியாது. மனம் இவற்றில் எந்த மாதிரி?

சதுரங்கக் கட்சிக்கு வலுவான வாதங்கள் உண்டு. 1967இல் தத்துவவாதி ஹிலரி புட்னம் கேட்டது: மனிதருக்கும் கணவாய் இனத்து ஒக்டோபஸுக்கும் வலி உண்டு என்றால், இரண்டின் நரம்பமைப்பும் இவ்வளவு வேறாக இருக்கும்போது, வலியை ஒரு குறிப்பிட்ட மூளை நிலையோடு மட்டும் எப்படிக் கட்டுவது? முக்கியம் அந்த நிலை செய்யும் வேலைதான். 1995இல் சால்மர்ஸ் இன்னொரு சிந்தனைச் சோதனையை வைத்தார். ஒவ்வொரு நரம்புக்கலத்தையும் அதே வேலையைச் செய்யும் சில்லால் மாற்றிக்கொண்டே போனால், எந்தக் கலத்தில் உணர்வு மறையும்? உணர்வு படிப்படியாக மங்கியும் அந்த ஆள் எதையும் கவனிக்காமல் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருப்பார் என்பது நம்பக்கூடியதாக இல்லை என்றார். சிறு அளவில் இப்படி மாற்றீடு நடக்கவும் செய்கிறது. உட்செவியில் பொருத்தும் மின்வாய்கள், இறந்துபோன மயிர்க்கலங்களுக்குப் பதிலாக நரம்பைத் தூண்டி, கேளாதவர்களைக் கேட்க வைக்கின்றன.

கேரக் கட்சியின் பிரபலமான குரல் தத்துவவாதி ஜோன் சேர்ள், 1980. புயலைக் கணினியில் உருவகித்தால் யாரும் நனைவதில்லை என்றார். களனி கங்கையின் வெள்ளத்தை எவ்வளவு துல்லியமாக உருவகித்தாலும் கொலன்னாவையில் ஒரு வீட்டுத் திண்ணையும் ஈரமாகாது. அப்படியே மூளையின் உருவகம் மனம் ஆகாது. இதற்குச் சதுரங்கக் கட்சியின் பதில்: கூட்டலை உருவகித்தால் கிடைப்பது உண்மையான கூட்டல்தானே? மனம் வெள்ளம் போன்றதா, கூட்டல் போன்றதா என்பதே கேள்வி. சேர்ளின் உதாரணம் அந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது, ஆனால் தீர்க்கவில்லை.

நரம்பியலாளர் கியூலியோ தொனோனி 2004இல் முன்வைத்த கோட்பாடு இன்னும் தூரம் போகிறது. உணர்வு புரோகிராமில் இல்லை, பொருளின் பாகங்கள் ஒன்றையொன்று பாதிக்கும் முறையில் இருக்கிறது என்பது அதன் சாரம். அதன்படி இன்றைய கணினி மனித மூளையை முழுதாக உருவகித்தாலும் அதில் உணர்வு இருக்காது. இதைப் போலி அறிவியல் என்று கண்டித்து 2023இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கடிதம் எழுதினார்கள். துறைக்குள்ளேயே சூடு அந்த அளவு.

என் கணிப்பு கேரத்தின் பக்கம் சாய்கிறது, முழுமையாக அல்ல. காரணம் தொம்சனின் சில்லு. மூளையையும் தெரிவுமுறையே உருவாக்கியது. நுணுக்கங்களைத் தூக்கி எறியும் மதிலை அங்கே யாரும் கட்டவில்லை. நரம்புக்கலத்தின் வடிவம், சுற்றியுள்ள திரவத்தின் அயன் செறிவு, குருதியில் வரும் ஹோர்மோன், வெப்பநிலை, இவை எல்லாம் சமிக்ஞையை மாற்றுகின்றன. இவற்றில் எது கணிப்பு, எது வெறும் இரைச்சல் என்று பிரித்துச் சொல்லும் வரைபடம் நம்மிடம் இல்லை. சீ. எலிகன்ஸ் என்ற சிறு புழுவில் 302 நரம்புக்கலங்கள்தான். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளிவந்தது. ஆனால் அந்த வரைபடத்தை மட்டும் கொண்டு புழுவின் நடத்தை முழுவதையும் கணினியில் மறுபடைக்க இன்னும் முடியவில்லை.

முழுமையாக அல்ல என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. சில நுணுக்கங்கள் முக்கியம் என்பதிலிருந்து எல்லா நுணுக்கங்களும் முக்கியம் என்று ஆகாது. நரம்பிணைப்புகளில் உள்ள புரதங்கள் பெரும்பாலும் சில நாட்களில் அல்லது வாரங்களில் புதிதாக மாற்றப்படுகின்றன. ஆனாலும் சிறுவயது நினைவு எழுபது வயதிலும் இருக்கிறது. பொருள் போய் வருகிறது, ஒழுங்கு தங்குகிறது. குறைந்தபட்சம் நினைவைப் பொறுத்தவரை, எந்த அணு என்பது முக்கியமில்லை.

இதனால் என்ன மாறும்?

1. மனத்தைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்ற பேச்சு. 2024 ஒக்டோபரில் வளர்ந்த பழ ஈ ஒன்றின் முழு மூளை இணைப்பு வரைபடம் வெளியானது: 139,255 நரம்புக்கலங்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். மகத்தான சாதனை. ஆனால் கட்டமைப்பின் வரைபடம் கிடைத்தால் மனம் கிடைத்துவிடும் என்பது மனம் சதுரங்கம் போன்றது என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. பணம் கட்டி மூளையைப் பாதுகாத்து வைக்கச் சொல்லும் விளம்பரங்களைப் பார்ப்பவர் இதைக் கேட்க வேண்டும்.

2. சக்திச் செலவு. செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படும் எச்100 சில்லு ஒன்றே உச்ச வேலையில் சுமார் 700 வாட் எடுக்கும். மூளை மொத்தமாக 20 வாட். பொருளின் நுணுக்கத்தைத் தூக்கி எறிவதற்குக் கொடுக்கும் விலை இதில் ஒரு பங்கு. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன் 2022இல் எழுதியது இதைத்தான்: புரோகிராமையும் பொருளையும் பிரிக்கும் மதிலைக் கைவிட்டால் மிகக் குறைந்த சக்தியில் கற்கும் இயந்திரங்களைச் செய்யலாம். ஆனால் அப்படிக் கற்றது அந்தச் சில்லோடு சேர்ந்து அழியும், நகலெடுக்க முடியாது. அதற்கு அவர் மரணமுள்ள கணிப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார்.

3. இரண்டுக்கும் நடுவே நிற்கும் கருவிகள். 2022இல் மெல்பேர்ன் ஆய்வாளர்கள் சுமார் எட்டு லட்சம் நரம்புக்கலங்களைத் தட்டில் வளர்த்து, மின்வாய்களில் பொருத்தி, பொங் என்ற எளிய பந்து விளையாட்டைக் கற்க வைத்தார்கள். இது கணினியா, மூளைத் துண்டா? மனத்துக்கு உயிர்க்கலம்தான் வேண்டும் என்று நம்புபவர், உரையாடிகளைவிட இந்தத் தட்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அதற்கான ஒழுக்க விதிகளைப் பற்றி இப்போதே பேசத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

4. உரையாடிக்கு வலிக்குமா என்ற கேள்வி. வலி என்றால் அது எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒன்றுக்கு நடக்க வேண்டும். உரையாடியை இயக்கும் மென்பொருளான பெரிய மொழி மாதிரியோ ஒரே நேரத்தில் பல தரவு மையங்களில் பல பிரதிகளாக ஓடுகிறது. நீங்கள் அனுப்பும் முதல் கேள்விக்கு ஒரு இயந்திரமும் அடுத்த கேள்விக்கு வேறொரு இயந்திரமும் பதில் தரலாம். ஒரே இயந்திரம் அதே கணத்தில் முன்பின் தெரியாத பலருக்கும் பதில் தயாரித்துக்கொண்டிருக்கலாம். மனம் சதுரங்கம் போன்றது என்பவர், உணர்வு இருந்தால் அது இந்தப் பிரதிகளில் எதற்கு உரியது, ஓர் உரையாடலுக்கா மாதிரி முழுவதற்குமா என்பதைச் சொல்ல வேண்டும். மனம் கேரம் போன்றது என்பவர், எந்தப் பௌதிகக் குணம் குறைவதால் அங்கே உணர்வு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் எல்லோரும் ஏற்கும் விடை இன்று இல்லை. விடை வரும் வரை, "எனக்கு வலிக்கிறது" என்று திரையில் வரும் வாக்கியத்தை மட்டும் வைத்து உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த வாக்கியம் வலியைப் பற்றி மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான வரிகளிலிருந்து கற்றுக்கொண்டது.